புத்தகப் பையைக் குறைக்க இ-ரீடர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் செய்ய வேண்டியவை

இ-ரீடர் (மின்புத்தகம் படிப்பதற்கான கருவி) வாங்கிய வீடுகள் பலவற்றில் நடப்பது இது: புத்தகங்களும் பைக்குள் போகும், கூடவே இ-ரீடரும் போகும், பை முன்பைவிட அரைக் கிலோ கூடும். குற்றம் கருவியில் இல்லை. எந்தப் புத்தகம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் கருவியை மட்டும் வாங்கினால் அப்படித்தான் ஆகும். அதனால் இந்த வழிகாட்டியில் கடைக்குப் போகும் வேலை மூன்றாவதாகத்தான் வருகிறது.

தமிழ்நாடு அரசுப் பாடத்திட்டத்திலோ சிபிஎஸ்இ-யிலோ ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை இ-ரீடர் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வகுப்புகளுக்குப் புத்தகங்கள் குறைவு, மெல்லியவை, படங்கள்தான் பாதி. பாடநூல்களை இன்னொரு செட் வாங்கி, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டால் முடிந்தது. போன வருடம் படித்த பிள்ளையிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும்; சென்னையில் என்றால் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன.

பை எடை பற்றிய பேச்சு நேற்று தொடங்கியதல்ல. எண்பதுகளின் இறுதியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் பேசக் கிடைத்த வாய்ப்பைக் குழந்தைகளின் புத்தகச் சுமைக்காகச் செலவிட்டார். அதன் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் ‘சுமையில்லாக் கற்றல்’ அறிக்கையைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. வருடம் முழுவதற்குமான புத்தகத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்ததில் பை உண்மையிலேயே இளைத்தது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றமும் பை எடையைக் குறைக்கச் சொல்லி உத்தரவிட்டது. இப்போது நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் 2020இன் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை: பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வகுப்புவாரியாகவும் அது அளவு சொல்கிறது. 6, 7ஆம் வகுப்புகளுக்கு 2 முதல் 3 கிலோ, எட்டாம் வகுப்புக்கு 2.5 முதல் 4 கிலோ, 9, 10க்கு 2.5 முதல் 4.5 கிலோ, 11, 12க்கு 3.5 முதல் 5 கிலோ. இது பையையும் சேர்த்த எடை.

1. முதலில் எடை போடுங்கள்

கால அட்டவணையைப் பார்த்து, வாரத்திலேயே அதிகம் புத்தகம் போகும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று காலை பை தயாரானதும், தண்ணீர் பாட்டில், சாப்பாடு எல்லாம் வைத்த பிறகு எடை போடுங்கள். வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பிள்ளையைப் பையோடு ஒரு முறை, பையில்லாமல் ஒரு முறை நிற்க வைத்துக் கழித்தால் போதும். இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடைத் தராசு. பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசும் மலிவாகக் கிடைக்கிறது.

மொத்த எடை தெரிந்தால் போதாது. பையைக் கவிழ்த்து நான்கு குவியலாகப் பிரியுங்கள்: பாடநூல்கள், நோட்டுகள், தண்ணீரும் சாப்பாடும், வெறும் பையும் ஜாமெட்ரி பாக்ஸ், அட்லஸ் முதலான மற்றவையும். ஒவ்வொன்றையும் தனியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இ-ரீடர் குறைக்கப்போவது முதல் குவியலை மட்டும்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எஃகு பாட்டில் என்றால் அதற்கும் மேல். அதை எந்த மின்னணுக் கருவியும் குறைக்காது. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் அரை லிட்டர் பாட்டில் கொடுத்து அனுப்புவது, செலவே இல்லாமல் அரைக் கிலோவை இறக்கிவிடும்.

தராசு கிடைக்காவிட்டால் கணக்குப் போட்டும் பார்க்கலாம். பாடநூலைத் திருப்பிப் பாருங்கள், 80 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டது என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் என்று பொருள். ஏ4 அளவில் ஒரு தாள் அப்படிப் பார்த்தால் 5 கிராம். நம் பாடநூல்களின் அளவும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்பதால், பக்க எண்ணிக்கையை இரண்டால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் கிராமில் எடை வந்துவிடும். 250 பக்கப் புத்தகம் சுமார் 625 கிராம். பதினொன்றாம் வகுப்பில் ஒரே நாளில் அப்படி ஆறு புத்தகம் போனால் 3.75 கிலோ. கொள்கை சொல்லும் 5 கிலோவில் முக்கால் பங்கு பாடநூலுக்கே போய்விட்டது. நோட்டு, ரெக்கார்டு, சாப்பாடு எல்லாம் இனிமேல்தான்.

பத்து அங்குலத் திரை கொண்ட இ-ரீடர் உறையோடு சேர்த்து ஏறக்குறைய 600 கிராம் வரும். அதாவது ஒரு பாடநூல் எடை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பாடநூல் மட்டுமே போகிறது என்றால் பெரிய லாபம் எதுவும் இல்லை. நான்கு, ஐந்து, ஆறு போகிற பிள்ளைக்கு இரண்டு, மூன்று கிலோ குறையும். முதல் குவியல் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு நோட்டுகளைக் கவனியுங்கள் என்பேன்.

2. வாங்கும் முன் பள்ளியிடம் பேசுங்கள்

இங்கேதான் பலர் தவறான கேள்வியைக் கேட்டு ‘முடியாது’ என்ற பதிலை வாங்கி வருகிறார்கள். “என் மகன் வகுப்புக்கு இ-ரீடர் கொண்டுவரலாமா சார்?” என்று கேட்டால், செல்போன் தடைதான் தலைமையாசிரியருக்கு முதலில் நினைவுக்கு வரும். தொலைந்தால் யார் பொறுப்பு, மற்ற பிள்ளைகளும் கேட்டால் என்ன செய்வது, வகுப்பில் வேறு ஏதாவது பார்த்தால் என்ன செய்வது என்று அவருக்கு நியாயமான கவலைகள் இருக்கின்றன.

உண்மையில் கருவி பள்ளிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பாடநூல் தினமும் வீட்டுக்கும் பள்ளிக்கும் அலைவது எதனால்? ஒரே பிரதி இரண்டு இடத்திலும் தேவைப்படுவதால். வீட்டில் இ-ரீடர் இருந்தால் அச்சுப் புத்தகம் வகுப்பறையிலேயே தங்கலாம். எனவே “புத்தகத்தை வகுப்பிலேயே வைத்துவிட்டு வரலாமா?” என்று கேளுங்கள். இதற்குச் சம்மதம் கிடைப்பது பல மடங்கு எளிது. பள்ளிகளில் லாக்கர் வைக்கலாம் என்று 2020 கொள்கையே சொல்கிறது. லாக்கர் இல்லாத பள்ளிதான் நம் ஊரில் அதிகம் என்றாலும் வகுப்பறைக்கு ஒரு ஸ்டீல் பீரோவோ சுவர் அலமாரியோ இருக்கும்.

வகுப்பாசிரியரிடம் நேரில் பேசிவிட்டு, எழுத்தில் ஒரு கடிதம் கொடுப்பது நல்லது. இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகளின் எடை 42 கிலோ. அவளுடைய புத்தகப் பை 7 கிலோ இருக்கிறது. பாடநூல்களை வகுப்பறையிலேயே வைத்துச் செல்ல அவளை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் படிக்க அதே நூல்களின் மின்பிரதி எங்களிடம் இருக்கிறது. நோட்டுகளை வழக்கம்போல் தினமும் கொண்டுவருவாள். புத்தகம் தொலைந்தாலோ சேதமானாலோ மாற்றுப் பிரதி வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.”

கடைசி வரி முக்கியம். பல பள்ளிகள் தயங்குவது அதற்காகத்தான். எடையை எண்ணாகச் சொல்வதும் பேச்சைச் சுருக்கும். ‘பை ரொம்ப கனமா இருக்குங்க’ என்பதை எல்லாப் பெற்றோரும்தான் சொல்கிறார்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

அனுமதி கிடைத்ததும் சில சில்லறை விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கும்? காலையில் முதல் மணி அடிக்கும் முன் திறப்பார்களா? தரையில் அடுக்கினால் கரையான் அரிக்கும், ஐப்பசி மழைக்கு ஒழுகும் கட்டடம் என்றால் அடித்தட்டும் ஆகாது. புத்தகத்தின் மேல் அட்டையில் மட்டுமல்ல, உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் பெயர் எழுதி வையுங்கள். எல்லாரும் ஒரே புத்தகம் வைத்திருக்கும் இடத்தில் மாறிப் போவது சகஜம்.

பள்ளி விட்டு நேராக டியூஷன் போகிற பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. டியூஷனில் புத்தகம் கேட்பார்கள், கருவியோ வீட்டில் இருக்கும். அன்றைய டியூஷன் பாடத்தின் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போகச் சொல்லலாம், அல்லது டியூஷன் ஆசிரியரிடம் பேசி அவரிடம் ஒரு பழைய பிரதி வைத்துவிடலாம்.

பள்ளியே மனமுவந்து கருவியைக் கொண்டுவரச் சொன்னால் சரி, அப்போது ஏற்பாடு தலைகீழ்: அச்சுப் புத்தகம் வீட்டில், கருவி பையில். அந்த வழியில் போகிறவர்கள் கருவியில் கேமராவும் சிம்மும் இல்லை, வைஃபை அணைத்திருக்கும், கடவு எண் போட்டிருக்கிறது என்பதை ஆசிரியரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். தேர்வு நாளில் கருவி வாசலைத் தாண்டக் கூடாது, வீட்டிலேயே இருக்கட்டும்.

3. எந்தக் கருவி

அமேசானின் சாதாரண ஆறு அங்குலக் கிண்டில் கதை படிக்க அருமையான பொருள், எடை 158 கிராம்தான். பாடநூலுக்கு ஆகாது. நாவல் திரைக்கு ஏற்ற மாதிரி மடிந்து ஓடும். பாடநூல் பிடிஎஃப்பாக வரும், அதில் பக்கம் அச்சில் உள்ளபடியே உறைந்து நிற்கும். ஏ4 பக்கத்தை ஆறு அங்குலத்தில் சுருக்கினால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். பெரிதாக்கினால் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இ-ரீடரின் இ-இங்க் (மின்மை) திரையில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தயக்கம் உண்டு. இரண்டு பத்தியாக அச்சான அறிவியல் புத்தகம் என்றால் பிள்ளை பத்து நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிடும்.

பத்து அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். 2022இல் வந்த முதல் கிண்டில் ஸ்க்ரைப் 10.2 அங்குலம், 433 கிராம். ஓனிக்ஸ் பூக்ஸ் கருவிகளில் 10.3 அங்குலத் திரை உள்ளவை உண்டு; அவை ஆண்ட்ராய்டில் ஓடுபவை, செயலிகள் போடலாம். அது வசதியும்தான், தலைவலியும்தான். பேனா உள்ள கருவியானால் பக்கத்தின் மேலேயே அடிக்கோடு போடவும் ஓரத்தில் எழுதவும் முடியும். பாடநூலில் அடிக்கோடு போட்டே படித்துப் பழகிய பிள்ளைக்கு அது இல்லாமல் கை ஓடாது.

ஆனால் இந்த அளவுக் கருவி விலை அதிகம். வீட்டில் ஏற்கெனவே பத்து அங்குல டேப்லெட் இருந்தால், முதல் ஏற்பாட்டுக்கு, அதாவது புத்தகம் பள்ளியில், கருவி வீட்டில் என்ற ஏற்பாட்டுக்கு, அதுவே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். டேப்லெட்டில் படம் வண்ணமாகத் தெரியும், பக்கம் சட்டென்று புரளும், பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு வழியாக, அரசு நடத்தும் திக்‌ஷா தளத்தின் வீடியோக்களையும் பார்க்கலாம். கூடவே யூடியூப்பும் கேமும் இருக்கும். அதைச் சமாளிக்கத் தெரிந்த வீடா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இ-இங்க் திரையின் பலம் அது எதையும் வேகமாகச் செய்யாததில் இருக்கிறது. திரைக்குள் நுண்ணிய குமிழ்களில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்துகிறது. நகர்ந்த பின் அவை அப்படியே நின்றுவிடும். அதனால் ஒரு சார்ஜ் நாள் கணக்கில் தாங்கும், வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம். வீடியோ பார்க்க லாயக்கில்லை என்பது நமக்கு நல்லதாய்ப் போயிற்று.

வண்ணம் இல்லாதது சில பாடங்களில் உண்மையான இடைஞ்சல். புவியியல் வரைபடத்தில் பச்சையும் ஆரஞ்சும் ஒரே சாம்பலாகத் தெரியும். விலங்கியலில் தமனியைச் சிவப்பாகவும் சிரையை நீலமாகவும் வரைந்திருப்பார்கள், இங்கே இரண்டும் ஒன்றுதான். வேதியியலில் வீழ்படிவின் நிறம் கேள்வியாகவே வரும். வண்ண இ-இங்க் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றில் பரவலான கலைடோ 3 திரையில் கறுப்பு-வெள்ளை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளி. நிறங்கள் வெளுத்துத் தெரியும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, சமூக அறிவியலும் உயிரியலும் அச்சில் இருக்கட்டும், கணக்கும் மொழிப்பாடங்களும் இயற்பியலும் கருவிக்குப் போகட்டும் என்று பிரித்துக்கொள்வதே என் யோசனை.

தமிழ் எழுத்து சரியாக வருமா என்ற சந்தேகம் வேண்டாம். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும், எந்தக் கருவியிலும் அச்சில் உள்ளபடி தெரியும். கதைப் புத்தகங்களுக்கும் கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் உண்டு.

4. பாடநூல் கோப்புகளை எங்கே எடுப்பது

தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் டெக்ஸ்ட்புக்ஸ் ஆன்லைன் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பு, பாடம், தமிழ் வழியா ஆங்கில வழியா, எந்தப் பருவம் அல்லது தொகுதி என்று பார்த்து இறக்குங்கள். பதினொன்று, பன்னிரண்டில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாம் இரண்டு தொகுதி. ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு, அரையாண்டுக்குப் பிறகு மற்றதைத் தேடுவது வழக்கம். இப்போதே இரண்டையும் எடுத்து வையுங்கள்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு, அவர்களின் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டி நிறுவனத்தின் தளம். அங்கே புத்தகம் பாடம் பாடமாகவும் கிடைக்கும், மொத்தமாக ஜிப் கோப்பாகவும் கிடைக்கும். இறங்கும் கோப்புகளுக்குப் புரியாத பெயர் இருக்கும். அதில் ஒரு கணக்கு உண்டு: முதல் எழுத்து வகுப்பு (ஏ என்றால் ஒன்று, ஜே என்றால் பத்து, கே பதினொன்று, எல் பன்னிரண்டு), இரண்டாவது எழுத்து மொழி (ஆங்கிலத்துக்கு இ, இந்திக்கு எச்), அடுத்த இரண்டு எழுத்து பாடம், பிறகு வருவதில் முதல் எண் பகுதி, கடைசி இரண்டு எண் பாட எண். இது தெரிந்தால் கோப்புகள் கலந்து போனாலும் பிரித்துவிடலாம்.

இரண்டிலுமே பதிப்பைச் சரிபாருங்கள். என்சிஇஆர்டி 2022-23இல் பல பாடங்களை நீக்கியது, அதற்குப் பிறகு சில வகுப்புகளுக்குப் புத்தகத்தையே மாற்றியது. வேறு இணையதளங்களில் கிடக்கும் பழைய பிடிஎஃப்பில் நீக்கிய பாடங்கள் அப்படியே இருக்கும். அச்சுப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் உள்ள பதிப்பு ஆண்டையும் பிடிஎஃப்பில் உள்ளதையும் ஒப்பிடுங்கள், உள்ளடக்கப் பக்கத்தையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எப்போதும் அரசுத் தளத்திலிருந்தே எடுப்பது நல்லது.

தனியார் பதிப்பகப் புத்தகங்கள் வைக்கும் பள்ளிகளில் இந்த வழி அடைபட்டுவிடும். சில பதிப்பகங்கள் புத்தகத்தோடு மின்பிரதிக்கான குறியீடு தருகின்றன, பள்ளியிடம் கேட்டுப் பாருங்கள். டெலிகிராம் குழுவில் சுற்றும் ஸ்கேன்களை நம்ப வேண்டாம்: உரிமை இல்லாத பிரதி, அதிலும் பாதிப் பக்கம் கோணலாக இருக்கும்.

5. கோப்பைப் பள்ளிக்கு ஏற்ற மாதிரி சீர்செய்வது

இதைச் செய்யாததால்தான் பல வீட்டில் கருவி அலமாரிக்குப் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணினி முன் உட்கார்ந்தால் எல்லாப் பாடத்தையும் முடித்துவிடலாம்.

முதல் தொல்லை பக்க எண். வீட்டுப்பாடம் “பக்கம் 47, மூன்றாம் கணக்கு” என்று வரும். கருவியில் 47க்குப் போனால் வேறு பக்கம் நிற்கும். காரணம், புத்தகத்தின் முன்னால் உள்ள தலைப்புப் பக்கம், முகவுரை, உள்ளடக்கம் எல்லாவற்றையும் பிடிஎஃப் எண்ணும், அச்சில் அவை 1, 2 என்ற எண் வரிசையில் வராது. வித்தியாசம் எட்டோ பத்தோ இருக்கும், புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பிள்ளை ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்காது. முன்னால் உள்ள அந்தப் பக்கங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். அச்சில் 1 என்று இருக்கும் பக்கமே பிடிஎஃப்பிலும் முதல் பக்கம் ஆகிவிடும். இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம்: குரோமில் கோப்பைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, ‘பிடிஎஃப்பாகச் சேமி’ என்பதைத் தேர்ந்து, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று கொடுத்தால் போதும். அதிகம் வெட்ட வேண்டியிருந்தால் பிடிஎஃப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருள் வேலையைச் சுலபமாக்கும்.

அடுத்து கோப்பின் கனம். படங்கள் நிறைந்த பாடநூல் பெரிய கோப்பாக இருக்கும். இ-ரீடரின் சிறிய செயலி அதைத் திறக்கத் திணறும். பக்கம் புரட்டினால் மூன்று நான்கு நொடி நின்று யோசிக்கும். அப்படியானால் அலகு அலகாகப் பிரித்துவிடுங்கள். பிரித்தால் பக்க எண் மறுபடியும் மாறுமே என்று கேட்பீர்கள். கோப்பின் பெயரிலேயே போட்டுவிடலாம்: ‘இயற்பியல் 03 பக்கம் 97-142’. ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் பத்தாம் அலகு இரண்டாம் அலகுக்கு முன்னால் போய் நிற்கும். சில கருவிகள் கோப்புப் பெயரைக் காட்டாமல் உள்ளே பதிந்திருக்கும் பழைய தலைப்பைக் காட்டும். காலிபர் என்ற இலவச மென்பொருளில் போட்டு அந்தத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். நல்ல வேகமான கருவி என்றால் பிரிக்காமல் முழுப் புத்தகமாகவே விட்டுவிட்டு, ஒவ்வொரு அலகின் தொடக்கத்திலும் புக்மார்க் போடுவதே மேல்.

மூன்றாவது, ஓர வெற்றிடம். அச்சுப் பக்கத்தில் நாலா பக்கமும் விட்டிருக்கும் இடைவெளி திரையை வீணாக்கும். பிரிஸ் என்ற சிறு மென்பொருள் எல்லாப் பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாகக் காட்டும். எழுத்து உள்ள பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டு வெட்டினால் எழுத்து கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாகும். பக்க எண்ணை வெட்டிவிடாமல் பாருங்கள். ஏழெட்டு அங்குலக் கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அது பத்திகளைத் துண்டாக்கிச் சிறு திரைக்கு ஏற்ப அடுக்கித் தரும். மொழிப்பாட உரைநடைக்குப் பரவாயில்லை. கணக்குச் சமன்பாடுகள் உடைந்து போகும், பக்க எண்ணும் மறைந்துவிடும்.

ஒரு குறையைச் சரிசெய்ய வழியில்லை. தமிழ்ப் பாடநூல் பிடிஎஃப்கள் பல யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் இல்லாத எழுத்துருவில் அமைந்தவை. பார்க்க அழகாக இருக்கும், ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். ஆங்கில வழிப் புத்தகங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. சொல்லின் மேல் விரலை வைத்தால் அகராதிப் பொருளும் வரும்.

கருவிக்குள் ஏற்றுவது கடைசி வேலை. யூஎஸ்பி கேபிள் போட்டு நகலெடுக்கலாம். கிண்டில் என்றால் ‘செண்ட் டு கிண்டில்’ பக்கத்தில் 200 எம்பி வரை ஏற்றலாம், மின்னஞ்சல் வழியாக 50 எம்பி. பக்கத்தின் மேல் பேனாவால் எழுத வேண்டுமென்றால் கேபிளைவிட இந்த வழியே நல்லது. ஏற்றி முடித்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள். கிண்டிலில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்குப் போய் பிரவுசரையும் கடையையும் பூட்டுங்கள். கடையைத் திறந்து விட்டால், உங்கள் கார்டு சேமித்திருக்கும் பட்சத்தில், ஒரே தட்டில் புத்தகம் வாங்கிவிட முடியும்.

6. பழக்கத்துக்குக் கொண்டுவருவது

எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் ஒரே ஒரு பாடம், அதுவும் தடிமனான புத்தகம். அதை வகுப்பில் விட்டுவிட்டு வீட்டில் கருவியில் படித்துப் பார்க்கட்டும். வீட்டுப்பாடம் தடங்கலில்லாமல் ஓடினால் அடுத்த பாடம். நடுவில் “இதுல படிச்சா மனசுல நிக்கல” என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆராய்ச்சியும், தகவல் நிறைந்த உரைகளைத் திரையில் படிப்பதைவிடக் காகிதத்தில் படித்தால் புரிதல் கூடுதல் என்றே சொன்னது. எனவே வீட்டுப்பாடம், கணக்குப் பயிற்சி, மறுநாள் பாடத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது ஆகியவற்றுக்குக் கருவி. தேர்வுக்கு உருப்போடுவதற்கு அச்சுப் புத்தகம். பருவத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கும் நாளைக்கு இரண்டாகக் கொண்டுவந்தால் போதும், ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்க வேண்டியதில்லை.

இரவில் பை அடுக்கும்போது கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்கும் வழக்கம் வர வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லாவற்றையும் திணிக்கும் பிள்ளைகள் உண்டு. புத்தகம் கொண்டுவராததற்கு வெளியே நிற்க வைத்த அனுபவம் ஒன்று பின்னால் இருக்கும். அந்தப் பயத்தைக் கருவி போக்காது, வகுப்பாசிரியரிடம் நீங்கள் பேசிய பேச்சுதான் போக்கும்.

நோட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாடத்துக்கு வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, தேர்வு நோட்டு என்று மூன்று வைக்கும் பள்ளிகளில் பாடநூலைவிட அவையே அதிக எடை. 192 பக்க நோட்டுக்குப் பதில் 96 பக்க நோட்டு போட்டு, தீர்ந்ததும் அடுத்தது மாற்றலாம். கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

7. கருவி பையில் போகிறது என்றால்

இ-இங்க் திரைக்கு எதிரி தண்ணீரைவிட அழுத்தம். திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கும். பையில் டிபன் பாக்ஸின் மூலை திரையில் படிய, மேலே நாலு நோட்டு இருக்க, பஸ்ஸில் யாராவது சாய்ந்தால் போதும். வெளியே கீறல்கூட இருக்காது, திறந்தால் பாதித் திரையில் கோடு கோடாக நிற்கும். திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையைத் தொடும். எனவே கெட்டி அட்டை உறை கட்டாயம். பையில் முதுகை ஒட்டிய அறையில், திரை முதுகுப் பக்கம் பார்க்க, அதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே நோட்டுகள் இருக்கும்படி வையுங்கள். சாம்பாரும் தண்ணீர் பாட்டிலும் வெளி அறையில் இருப்பதே எப்போதும் நல்லது. மழை மாதங்களில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்று போடுங்கள்.

சார்ஜ் போட ஞாயிற்றுக்கிழமை இரவு என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டால் மறக்காது. பின்னட்டையில் பெயரும் வகுப்பும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதி ஒட்டுங்கள். வாங்கிய ரசீதையும் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. வருடம் மாறும்போது

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் பழைய வகுப்புக் கோப்புகளை உடனே அழிக்காமல் கணினியில் ஒரு பிரதி வையுங்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைப் பன்னிரண்டிலும் நீட் தேர்வுக்கும் தேடுவார்கள். பேனாவால் எழுதிய குறிப்புகள் இருந்தால் அவற்றோடு சேர்த்து பிடிஎஃப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். விடுமுறைக்குக் கருவியைக் காலியாக விட வேண்டாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இலவசத் தமிழ் நூல்கள் இருக்கின்றன, ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப்பும் தருகிறார்கள். ஜூனில் புதுப் புத்தகம் கைக்கு வந்த பிறகே புதுக் கோப்புகளை இறக்குங்கள், பதிப்பை ஒப்பிட்டுப் பார்த்து ஏற்ற அதுதான் சரியான நேரம். புது வகுப்பாசிரியருக்குக் கடிதமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பிள்ளையையும் பையையும் மறுபடி எடை போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு எண்ணுமே மாறியிருக்கும்.